சின்னராசா சலூனடியில் திரும்புங்கோ

பூவரசந்துறையில் வழி கேட்கிறவர்களை நாங்கள் வேண்டுமென்று அலைக்கழிப்பதில்லை. கடற்கரையில் நின்று பஸ் நிலையத்துக்கு எப்படிப் போவது என்று யாராவது கேட்டால், நேரே லீலாவதி தியேட்டரடிக்குப் போங்கோ, அதிலே இடக்கைப் பக்கம் திரும்பினால் சிங்கராயர் பேக்கரி வரும், பேக்கரியைத் தாண்டிச் சின்னராசா சலூனடியில் திரும்புங்கோ, பஸ் நிலையம் கண்ணுக்கு முன்னால் நிற்கும் என்று கையை நீட்டி, அன்பாக, தேவைப்பட்டால் இரண்டு தரம் சொல்லுவோம். அந்தத் தியேட்டரும் பேக்கரியும் சலூனும் சண்டைக்காலத்தில் ஒருநாள் காலை விமானம் வந்து போட்ட குண்டுகளோடு போய்விட்டன என்பதும், இப்போது அந்த இடங்களில் ஒரு போன் டவரும் ஒரு செருப்புக் கடையும் ஒரு வங்கியின் ஏடிஎம்மும் நிற்கின்றன என்பதும் எங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தாலும் வாயில் வராது.

இதற்கு ஒருவரைக் குறை சொல்ல முடியாது. இடம்பெயர்ந்து போய், கண்ட கண்ட ஊர்களில் கொட்டில் போட்டு இருந்து, கனகாலத்துக்குப் பிறகு திரும்பி வந்தபோது சந்தி முழுக்க எருக்கலையும் இடிந்த சுவருமாகக் கிடந்தது, எது யாருடைய வளவு என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை, அப்போது பேக்கரிக்குப் பின்னால் எங்களுடையது, சலூனுக்கு எதிர்ப்பக்கம் உங்களுடையது என்று வாயால் சொல்லிச் சொல்லித்தான் அவரவர் தங்கள் கிணறுகளைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பழக்கம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. பிறகு பிறந்த பிள்ளைகளும் தாங்கள் ஒருநாளும் படம் பார்க்காத தியேட்டரடியில் நின்றுதான் இன்றைக்கும் காதலிக்கிறார்கள்.

சண்டை முடிந்து, வெளிநாட்டுச் சனம் சண்டை நடந்த ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்க வரத் தொடங்கியபோது, சுற்றுலாக்காரர் எங்கள் ஊரிலும் ஒரு நடைப் பயணம் வேண்டும் என்று சொல்லி, கூட்டுறவுக் கடையில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஞானேஸ்வரிக்கு ஒரு பயிற்சியும் ஒரு மஞ்சள் தொப்பியும் கொடுத்தார்கள். அறுபதை எட்டிப் பிடிக்கிற வயதில் ஞானேசக்கா அந்தத் தொப்பியை வைத்துக்கொண்டு முன்னுக்கு நடக்க, சிவந்து வியர்த்த முகங்கள் பின்னுக்கு நடக்க, ஒல்லாந்தர் கட்டிய சுங்க மண்டபம், கோட்டையின் மிச்சம், ஆடு கட்டியிருக்கிற பதுங்குகுழி எல்லாவற்றையும் தன்னுடைய இங்கிலீசில் காட்டிக்கொண்டு போவாள், அந்த இங்கிலீசில் இறந்தகாலம் நிகழ்காலம் என்ற பேதமே இருக்காது, ஒல்லாந்தர் வருகிறார்கள், ஆமி வருகிறது, நாங்கள் ஓடுகிறோம், நாங்கள் வருகிறோம் என்றுதான் இருக்கும். வந்தவர்கள் ஆசைப்பட்டுப் பார்த்தது என்னவோ சுவர்களில் துப்பாக்கிச் சன்னம் துளைத்த ஓட்டைகளைத்தான். கடற்கரை வீதியில் சனசமூக நிலையத் தலைவர் பொன்னுத்துரையர் தன் முன்சுவரைப் பூசி மெழுக ஆள் பிடித்த அன்று ஞானேஸ்வரி போய்ச் சண்டை போட்டதில், மனுசன் இப்போது ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் ஓட்டைகளை விட்டுவிட்டு, அவற்றைச் சுற்றிச் சின்னத் தூரிகையால் வெள்ளையடித்து, நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு கேள்விக்குப் பதில் சொல்ல வாசலில் நிற்கிறார்.

நடை முடிகிற இடம் கடற்கரை. அங்கே நின்று ஞானேஸ்வரி எல்லாருக்கும் நன்றி சொல்லி, பஸ் நிலையத்துக்குப் போகிற வழியையும் சொல்லி அனுப்பிவிடுவாள், சந்திப் பக்கம் தான் வரமாட்டாள். ஏன் என்று எங்களில் ஒருவரும் கேட்பதில்லை. அவளுடைய புருசன் கனகசூரியன் குண்டு விழுந்த அந்தக் காலைதான் சின்னராசாவின் சலூனுக்குப் போனவன். அவளுடைய தங்கச்சிக்கு மறுநாள் கலியாணம், மாப்பிள்ளைத் தோழன் அவன்தான், கன்னம் முழுக்க வளர்ந்த தாடியோடு மணவறைக்குப் பக்கத்தில் நிற்பதற்கு வெட்கமில்லையா, இந்தக் கோலத்தில் என் வீட்டுப் படி ஏறக் கூடாது என்று அவள்தான் அவனைத் துரத்திவிட்டாள், அவனும் சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். சலூன் இருந்த இடத்தில் கதவும் இல்லை, கண்ணாடியும் இல்லை, ஆளும் இல்லை. அவனுடைய உடலை எடுத்ததாகவும் ஒருவரும் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியில் கண்டதாகவும் சொல்லவில்லை, யாரோ ஒரு சைக்கிள்காரன் வடக்கே போனதைப் பார்த்ததாக மட்டும் ஒரு கதை வந்து, அதுவும் பிறகு வரவில்லை. ஞானேஸ்வரி பொட்டை அழிக்கவில்லை. அவள் பொட்டைப் பற்றி ஊர் பேசாத பேச்சில்லை, பேசிப் பேசிக் களைத்துப் பிறகு விட்டுவிட்டோம்.

இப்படி இருக்கிற காலத்தில்தான், போன வருடம் மாசி மாதத்தில், ஒரு ஜேர்மன்காரரும் மனைவியும் நடையை முடித்து, ஞானேஸ்வரி சொன்ன வழியால் பஸ் நிலையத்துக்குப் போனார்கள், தியேட்டரடியில் திரும்பினார்கள், பேக்கரியில் நின்று பணிஸ் வாங்கித் தின்றார்கள், சலூனைத் தாண்டி பஸ் ஏறினார்கள். மறுநாள் மிச்சப் பணிஸைக் கையில் வைத்துக்கொண்டு திரும்ப வந்து, அந்தப் பேக்கரிக் கிழவர் காசு வாங்கமாட்டேன் என்று அடம்பிடித்தார், ஊருக்கு வந்த விருந்தாளியாம், அவருக்கு ஏதாவது பரிசு கொடுக்கவேண்டும் என்று ஞானேஸ்வரியிடம் சொன்னார்கள். செருப்புக் கடை வைத்திருப்பது சிங்கராயரின் மகள் றோஸ்மேரிதான். அவளிடம் பணிஸைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள், கொஞ்சம் பிய்த்து வாயில் போட்டாள், அப்பா இன்னும் அடியைக் கருகத்தான் விடுகிறார் என்றாள், பிறகு கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் அன்று முழுக்க அழுதாள்.

அதிசயம் என்று ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. இவ்வளவு நடந்த ஊரில் இது நடக்கக் கூடாதா என்ன என்பதுதான் எங்கள் எண்ணம். எங்களுக்கு இருந்த ஒரே கவலை, நாங்கள் போனால் ஏன் தெரியவில்லை என்பதுதான். றோஸ்மேரி போனாள், செருப்புக் கடைதான் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள், போன் டவர்தான் இருந்தது. பொன்னுத்துரையர் கண்ணை மூடிக்கொண்டு போனால் சரிவரும் என்று எல்லாருக்கும் விளக்கம் சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு கையையும் முன்னுக்கு நீட்டிக்கொண்டு நடந்துபோய், ஏடிஎம் சுவரில் நெற்றியை உடைத்துக்கொண்டு வந்தார். அந்தக் கட்டோடு இருந்து யோசித்த பிறகு அவர்தான் காரணத்தையும் சொன்னார். அங்கே ஒன்றும் இல்லை என்று எங்களுக்குத் தெரியும், வந்தவர்களுக்குத் தெரியாது. நாங்கள் சொன்னதை நம்பிப் போகிறார்கள், போனால் இருக்கிறது, அவ்வளவுதான். போனில் வரைபடத்தைப் பார்த்து நடக்கிறவர்களுக்கு ஏடிஎம் மட்டும்தான் தெரிந்தது. மேலிடத்தில் இருந்து இதைப் பரிசோதிக்க வந்த அதிகாரியும் ஊர் வரைபடத்தை முன்கூட்டியே படித்துவிட்டு வந்ததால் ஒன்றையும் காணாமல், வெயிலைக் காரணம் எழுதிவிட்டுப் போனார்.

அதன் பிறகு பூவரசந்துறை முழுவதும் ஒரு காரியத்தில் ஒற்றுமையானது, சண்டைக்கு முந்தியும் பிந்தியும் எங்கள் ஊர் ஒற்றுமையாக இருந்தது அந்த ஒரு காரியத்தில்தான். வந்தவர்களிடம் அங்கே ஒன்றும் இல்லை என்பதை ஒருவரும் மூச்சுவிடக் கூடாது. ஒரு செத்த வீட்டு இரகசியத்தைக்கூட மத்தியானம் வரைக்கும் காப்பாற்றத் தெரியாத சனம், மாதக்கணக்காக முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு திரிந்தது. கடற்கரையில் நின்று, போகிற வழியில் தியேட்டருக்குப் பக்கத்துத் தையல்காரரிடம் என் காற்சட்டையை வாங்கிவர முடியுமா, தைக்கக் கொடுத்துக் கொஞ்ச நாளாகிவிட்டது என்று ஒருவர் கேட்பார். மணிக்கூட்டுக் கடையில் என் மணிக்கூடு திருத்தக் கிடக்கிறது என்று இன்னொருவர் கேட்பார். வந்தவர்களும் நல்ல சனம், முகம் கோணாமல் கடைக்குப் போய்வந்தார்கள். காற்சட்டை வந்து சேர்ந்தது, இடுப்பில் ஏறவில்லை, சொந்தக்காரர் அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தார். அந்தச் சந்தியில் முந்தி இருந்த வேலாயுதத்தின் கடைத் தேத்தண்ணி கிளாசோடு வந்தது, ஆறமுதல் ஆளாளுக்கு ஒரு மிடறு குடித்தோம். பஸ் நிலையத்தடியில் குளிர்சாதனம் பூட்டிய புதுப் பேக்கரிக்காரர் மட்டும், இல்லாத பேக்கரி ஒன்று அனுமதியில்லாமல் வியாபாரம் செய்து தன் வயிற்றில் அடிக்கிறது என்று பிரதேச சபைக்கு முறைப்பாடு கொடுத்தார், சபைக்காரரும் கடமைக்கு ஒரு அறிவித்தலைக் கொண்டுவந்து, ஒட்ட இடம் தெரியாமல் ஏடிஎம் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

ஞானேஸ்வரி ஒன்றும் வாங்கிவரச் சொல்லவில்லை. மறுநாள் திரும்பி வருகிறவர்களை மறித்துச் சலூன் திறந்திருந்ததா என்று மட்டும், தொப்பியைச் சரிசெய்துகொண்டே, பெரிய அக்கறை இல்லாதவள் போலக் கேட்பாள். முதலில் ஒரு ஒல்லாந்துப் பெண் சொன்னாள், வாங்குப் பலகையில் ஒரு தாடிக்காரர் பேப்பர் வாசித்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தார், என்னைக் கண்டதும் எழும்பி இடம் தந்தார் என்று. அன்றைக்கு ஞானேஸ்வரி வீட்டுக்குப் போகிற வழி நெடுகச் சிரித்துக்கொண்டு போனதை நாங்கள் பார்த்தோம். பிறகு வந்த கூட்டம் அவர் கதிரையில் ஏறி இருந்துவிட்டார், கழுத்தில் துவாய் கட்டியிருக்கிறது என்றது. அதற்குப் பிறகு முகம் முழுக்க நுரை. பிறகு ஒரு கன்னம் வழித்தாகிவிட்டது. ஞானேஸ்வரிக்கு ஒவ்வொரு நாளும் ஒரு புதுச்சேலை, நெற்றியில் பொட்டு முன்னிலும் பெரிது. தாடிக்குள் இருக்கிற அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது என்று அவள் றோஸ்மேரியிடம் சொன்னாள், கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கும் அது சந்தோசமாகத்தான் இருந்தது.

வைகாசியில் ஒரு பிரெஞ்சுக்காரர் வந்து முறைப்பாடு சொன்னார். ஊர் அருமை, சனம் அருமை, பணிஸ் அருமை, ஆனால் மேலே விமானச் சத்தம் காதை அடைக்கிறது, எல்லாரும் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்கள், பேக்கரிக் கிழவர் அது தினமும் வருவதுதான் என்று கையால் காட்டினார் என்றார். பொன்னுத்துரையரின் வாசலில் நின்று கேட்ட நாங்கள் எல்லாரும் திரும்பிச் சுவரின் ஓட்டைகளைப் பார்த்தோம். பிரெஞ்சுக்காரர் தான் ஏதோ மரியாதைக் குறைவாகக் கதைத்துவிட்டதாக நினைத்து மன்னிப்புக் கேட்டார்.

அப்போதுதான் எங்கள் மண்டையில் ஏறியது. அங்கே இருப்பது எந்த நாளோ ஒரு நாள் அல்ல, அந்தக் காலைதான். அது தன்பாட்டுக்கு நகராமல் கிடந்திருக்கிறது, எங்கள் விருந்தாளிகள் உள்ளே நிற்கிற நேரம் மட்டும் நகர்ந்திருக்கிறது. காற்சட்டையைத் தேடியெடுக்கத் தையல்காரருக்குப் பிடித்த நேரம், தேத்தண்ணி ஆறப் பிடித்த நேரம், பணிஸ் வேகப் பிடித்த நேரம் எல்லாவற்றையும் நாங்கள்தான் செலவழித்திருக்கிறோம். ஆசைப்பட்டு ஆசைப்பட்டு விமானத்தை ஊருக்கு மேலே கொண்டுவந்து விட்டதும் நாங்கள்தான்.

சும்மா இருக்கவில்லை, ஏதாவது செய்யப் பார்த்தோம். ஓடுங்கோ, குண்டு போடப் போகிறான் என்று கொட்டை எழுத்தில் ஒரு மட்டையில் எழுதி ஒரு அவுஸ்திரேலிய வாத்தியாரிடம் கொடுத்தனுப்பினோம். வேலாயுதம் அதை வாசித்துவிட்டு, தனக்குத் தெரிந்த இங்கிலீசில், உவங்கள் தினமும் வந்து சுத்திப்போட்டுப் போறவங்கள்தானே, இருந்து தேத்தண்ணியைக் குடியுங்கோ மாஸ்டர் என்று சொல்லிச் சிரித்தாராம். அதற்கு அவரைக் கோபிக்க எங்களுக்கு வாயில்லை, அந்தக் காலை நாங்களும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு வாட்டசாட்டமான சுவீடன்காரரிடம், அந்தத் தேத்தண்ணிக் கடைக்காரரைக் கையில் பிடித்து இங்கே கூட்டிக்கொண்டு வாருங்கோ, அவருக்கு வீட்டில் ஒரு விசேசம் என்று சொல்லி அனுப்பினோம். அவர் பிடித்த பிடியை விடாமல் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார், கடற்கரை வீதியில் கால் வைத்தபோது கையில் சூடான கிளாஸ் மட்டும் இருந்தது. பொருள் வரும், ஆள் வராது. இந்த இரண்டு முயற்சியிலும் எவ்வளவு நேரம் வீணாய்ப் போயிருக்கும் என்று நினைத்து நினைத்து நாங்கள் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்தோம். இனிமேல் ஒருவரையும் அந்த வழியால் அனுப்பக் கூடாது என்பதில் எல்லாருக்கும் முழுச் சம்மதம், தான் அனுப்புகிற ஆள் ஒருமுறை போய்வந்த பிறகு நிறுத்தினால் போதும் என்பதிலும் எல்லாருக்கும் முழுச் சம்மதம். மணிக்கூட்டுக்காரர் தன் மணிக்கூடு இன்னும் வரவில்லை என்றார். புதுப் பேக்கரிக்காரர்கூட எழும்பி, தனக்கும் ஒரு பணிஸ் தின்னவேண்டும், என்னதான் போட்டு அடிக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும் என்றார். றோஸ்மேரி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையள், அப்பா அடுப்படியில நிக்கிறார், அவரை அங்கயே நிக்கவிடுங்கோ என்று சொல்லிவிட்டு இருந்தாள். அதன் பிறகு சத்தம் குறைந்தது.

பொன்னுத்துரையர், ஒரேயொரு நடை மட்டும் மிச்சம், அது ஞானேஸ்வரிக்கு என்று தீர்ப்பளித்தார். அதற்கு ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் அந்த நடையில் அவள் என்ன செய்வாள் என்பதில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதி, அவள் ஆளை அனுப்பிச் சலூனில் இருத்திவிடுவாள், வழித்து முடிந்து அவன் எழும்பி எந்தப் பக்கம் போகிறான் என்று பார்க்கச் சொல்லுவாள், சைக்கிளில் வடக்கே போனவன் அவன்தானா இல்லையா என்பது அவளுக்குத் தெரியவேண்டாமா, முப்பது வருடத்துக்கு மேலாகப் பொட்டோடு இருக்கிறவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும் என்றது. தெரிந்துவிட்டால் அழவாவது முடியும் என்றது. மற்றப் பகுதி, அவள் அவனிடம் மன்னிப்புத்தான் கேட்பாள் என்றது. தாடியோடயே வரச் சொல்லு, வழிக்கவேண்டாம், அப்படியே படி ஏறி வரச் சொல்லு என்ற அந்த ஒரு வசனத்தை அவள் மா இடிக்கும்போதும் முற்றம் கூட்டும்போதும் வாய்க்குள் சொல்லுவதைப் பக்கத்து வளவுக்காரர் கேட்டிருக்கிறார்கள். ஞானேஸ்வரியோ ஒரு பகுதியோடும் கதைக்கவில்லை. அடுத்த நாள் சமைத்தாள், உடுப்புத் தோய்த்தாள், பின்னேரம் கடற்கரைக்குப் போய்ச் சந்திப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கனநேரம் இருந்தாள். எங்களுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஆனியில் நோர்வேயில் இருந்து மிதுஷா என்று ஒரு பெட்டை தனியாக வந்தாள். தாய்தகப்பன் மட்டக்களப்புப் பக்கம், அவள் பிறந்தது வளர்ந்தது பனிக்குள், சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழை வானொலிச் செய்தி வாசிப்பவர் போலத்தான் பேசுவாள், அம்மா தங்களைச் சந்தித்ததில் பெருமகிழ்ச்சி அடைகிறேன் என்பாள். எங்கள் ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது, போனில் உயிரும் இல்லை. நடை முழுக்க அவளைக் கவனித்துக்கொண்டு வந்த நாங்கள், இவள்தான் என்று எங்களுக்குள் கண் காட்டிக்கொண்டோம்.

கடற்கரையில் நடை முடிந்தது. ஊர் முழுவதும் ஏதோ ஒரு வேலையாக அங்கே வந்து நின்றது, பொன்னுத்துரையர் ஒருநாளும் வாங்காத மீனை விலை கேட்டுக்கொண்டு நின்றார். ஞானேஸ்வரி அழக் கூடாது. அழுதால் பெட்டை ஏன் என்று கேட்பாள், கேட்டால் சொல்லவேண்டும், சொன்னால் அவளுக்கும் ஏடிஎம்தான் தெரியும். ஆகையால் கடைக்குச் சாமான் சொல்லி அனுப்புகிறவள் எப்படி நிற்பாளோ அப்படித்தான் அவள் நின்றாள், நின்று, தியேட்டரடி, பேக்கரி, சலூனடி என்று வழியைச் சொன்னாள். பிறகு சலூன் கதிரையில் ஒருத்தர் இருப்பார், ஒரு கன்னம் வழித்தபடி, அவருக்கு ஒரு சொல் சொல்லவேண்டும், சொல்லிவிட்டு உடனே வந்துவிடவேண்டும், தேத்தண்ணி தந்தாலும் குடிக்கக் கூடாது, இருக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். என்ன சொல்லவேண்டும் அம்மா என்று மிதுஷா கேட்டாள்.

"ஞானேஸ் சொன்னவவாம் எண்டு சொல்லு," என்றாள் ஞானேஸ்வரி. "தாடியோட..." என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். சேலைத் தலைப்பை எடுத்து வாயைத் துடைத்தாள். "வீட்டில ஒரு அவசரமும் இல்லையாம். ஆறுதலா வழிச்சுக்கொண்டு வரட்டாம்."

மிதுஷா அதை வாய்க்குள் ஒருமுறை பாடமாக்கினாள். "இல்லத்தில் அவசரம் ஏதுமில்லை. ஆறுதலாக மழித்துக்கொண்டு வரவும். சரிதானே அம்மா?" என்றாள். சரி பிள்ளை என்றாள் ஞானேஸ்வரி. பெட்டை கையை வீசிக்கொண்டு தியேட்டரடியில் திரும்பினாள், பிறகு எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

அவள் வருமட்டும் மீன்காரன்கூடத் தராசைக் கீழே வைத்துவிட்டு நின்றான். வானத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எல்லாரும் வானத்தைப் பார்த்தோம், அது வெறும் நீலமாக இருந்தது. ஞானேஸ்வரி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, போன பக்கத்தைப் பார்த்தபடி நின்றாள். தெரிந்துகொள்ளக் கிடைத்த ஒரே வழியைத் தானே அடைத்துவிட்டு நிற்கிற ஒரு பெண்ணின் முகம் எப்படி இருக்கும் என்று நாங்கள் அன்றைக்குப் பார்த்தோம். அது அமைதியான முகம் என்று பொய் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை, வாய் ஒரு பக்கம் கோணி இழுத்துக்கொண்டிருந்தது.

பெட்டை சொன்னபடியே உடனே வந்துவிட்டாள், வெறுங்கையோடு, சிரித்துக்கொண்டு. சொன்னாயா என்று ஞானேஸ்வரி கேட்டாள். சொன்னாளாம். அவர் முதலில் நம்பவில்லையாம், ஞானேஸோ அப்படிச் சொன்னவள் என்று இரண்டு தரம் கேட்டாராம், பிறகு கண்ணாடிக்குள்ளால் சின்னராசாவைப் பார்த்து, கேட்டியே, இண்டைக்கு மழைதான் பெய்யப்போகுது என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாராம். அவசரமில்லையெண்டா பிறகென்ன, வழிச்ச கன்னத்திலயும் இன்னொருக்கா நுரையைப் போடு, வடிவா, முதலில இருந்து செய் என்று சொல்லிவிட்டு, கதிரையில் நன்றாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாராம். மேலே ஏதோ இரைச்சல் கேட்டதாம், அவர் அதைக் கவனிக்கவில்லையாம். சின்னராசா தூரிகையைக் கிண்ணத்தில் வைத்துக் குழைக்கத் தொடங்கியபோது தான் வெளிக்கிட்டு வந்துவிட்டதாக மிதுஷா சொன்னாள்.

றோஸ்மேரி கிட்ட வந்து ஞானேஸ்வரியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பொன்னுத்துரையர் மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மிதுஷா எங்கள் எல்லாருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தான் தூது சொன்னதில் ஏதும் பிழை இருக்குமோ என்று பயந்து, நல்ல வார்த்தை ஒன்று சொல்லிவைப்போம் என்று நினைத்தாள்.

"அம்மா, தங்களுடைய மகன் மிகவும் அழகானவர்," என்றாள்.

அதற்குத்தான் ஞானேஸ்வரி அழுதாள். முப்பது வருடமாக ஊர் பார்க்காத அழுகை, சேலைத் தலைப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்க, சத்தம் வெளியே வர அழுதாள். அழுகை எந்த இடத்தில் சிரிப்பாக மாறியது என்று கிட்ட நின்ற றோஸ்மேரிக்குக்கூடத் தெரியவில்லை. பிறகு முகத்தை நன்றாகத் துடைத்து, கலைந்த பொட்டை விரலால் வட்டமாகச் சரிசெய்து, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"அவர் என்ர மனுசன், பிள்ளை," என்றாள். "நான்தான் கொஞ்சம் முந்திக் கிழவியாப் போனன்."

பிறகு பஸ் நிலையத்துக்கு, சந்திப் பக்கம் போகாமல், கடற்கரை வீதியாலேயே சுற்றிக்கொண்டு தானே கூட்டிப்போகிறேன் என்று சொல்லிப் பெட்டையின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னுக்கு நடந்தாள்.